மாடு தீர்ந்த பிறகு

அன்புள்ள ஐயா,

நைஜீரியாவின் ஸம்ஃபாரா மாநிலக் கொள்ளையர்களைப் பற்றி எழுதும்போது, அவர்கள் நடத்துவது அடிமை முறை என்று சொல்லியிருந்தீர்கள். கொள்ளை வேறு, அடிமைத்தனம் வேறு இல்லையா? என் பாட்டா, அந்தக் காலத்துக் கொள்ளைக்காரர் ஜம்புலிங்கத்தின் கதையைச் சாமி கதை மாதிரி சொல்வார். விற்பதும் வாங்குவதும் இல்லாத இடத்தில் அடிமை எங்கிருந்து வந்தான்?

வாசகர், தக்கலை

அன்புள்ள நண்பருக்கு,

அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவன்தான் நானும். ஜம்புலிங்கம் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அந்தப் பக்கத்து, திருநெல்வேலிச் சீமை ஆள். 1923இல் போலீஸ் சுட்டுக் கொன்றது. நம் ஊர்க் கிழவர்கள் நேற்று பார்த்தவர்கள்போலத்தான் பேசுவார்கள். சரி, இருக்கட்டும். ஓடிக்கொண்டே இருக்கிற கள்ளனுக்கு ஊர்க்காரன் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். ஓரிடத்தில் காலூன்றிவிட்டவனுக்கு ஊர்க்காரனின் உழைப்பு வேண்டியிருக்கிறது.

ஸம்ஃபாராவில் முதலில் நடந்தது மாட்டுத் திருட்டு. மாட்டில் வருமானம் குறையக் குறைய ஆளைப் பிடித்தார்கள். 2021 பிப்ரவரியில் ஜங்கெபே பள்ளி விடுதியிலிருந்து கொண்டுபோன மாணவிகள் 279 பேர் சில நாளில் திரும்பினார்கள், உலகமே பேசியது. அன்றாடம் நடப்பதை யாரும் பேசுவதில்லை. விதைக்கக் கப்பம், அறுக்கக் கப்பம். கட்ட வழியில்லாதவர்கள் கொள்ளையர்களின் வயலில் கூலியில்லாமல் வேலை செய்கிறார்கள். பிடித்துப்போனவர்களையும், மீட்புப் பணம் வரும்வரை, தண்ணீர் சுமக்கவும் சமைக்கவும் வைக்கிறார்கள். பெண்கள் படும் பாட்டை இங்கே எழுத முடியாது. ஓடிப்போகலாமே என்றால், நிலத்தை விட்டு ஓடியவன் அகதி முகாமில் கையேந்தி நிற்க வேண்டும்.

விற்பனை இல்லையே என்கிறீர்கள். 1926இல் ஜெனீவாவில் கையெழுத்தான சர்வதேச உடன்படிக்கை அடிமை நிலையை வரையறுக்கும்போது விலைப்பத்திரம் கேட்கவில்லை. ஒரு மனிதன்மேல் உடைமைக்காரனின் அதிகாரங்களில் ஏதாவது ஒன்றைச் செலுத்தினாலே போதும் என்கிறது. அதற்கு ஜெனீவா வரை போவானேன்? திருவிதாங்கூரில் 1855இல் அடிமை முறையை ஒழிக்கும்வரை, ஆட்களை ஜன்மமாக, அதாவது முழு உரிமையோடு விற்றார்கள், காணத்துக்கு, அதாவது அடகுக்கு வைத்தார்கள், பாட்டத்துக்கும், அதாவது குத்தகைக்கும் விட்டார்கள். வாழைத்தோப்பைப் பாட்டத்துக்கு எடுத்திருக்கிறேன் என்று இன்றும் சொல்கிறோமே, அதே பாட்டம்தான். பாட்டத்துக்குப் போனவனை யாரும் விற்கவில்லை. அவனை அடிமை இல்லை என்று சொல்வீர்களா?

ஒரு வித்தியாசம் உண்டு. இங்கே அதற்கு ஓலையும் சாட்சியும் சர்க்காரும் இருந்தன. அங்கே சர்க்கார் எட்டிப் பார்க்காத காடும் துப்பாக்கியும்.

உங்கள் பாட்டா இருந்தால் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். ஜம்புலிங்கம் கதையில் பண்ணையார் வருகிறார், போலீஸ் வருகிறது. வயலில் வேலை செய்தவர்கள் வருகிறார்களா?