ஆன்லைன் ஏலத்தில் பழைய கார் வாங்கும்போது போலி விளம்பரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

பெங்களூரில் இருந்துகொண்டு ஏலத்தில் ஒரு பழைய ஃபியட்டோ அம்பாசடரோ எடுக்க ஆசை, ஆனால் எந்த விளம்பரத்தை நம்புவது என்று தெரியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் பட்ட அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்.

அல்சூரில் இருக்கும் என் பெரியப்பாவுக்கு ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்றால் உயிர். சென்னையில் தயாரான கார், அவர் ஓட்டப் பழகியதே அதில்தான். இரண்டு வருஷம் முன்பு, ‘1967 ஹெரால்டு, ஒரே ஓனர், பெங்களூர்’ என்று ஒரு ஏல விளம்பரம் கண்ணில் பட்டது. ஏலத்தில் சேர டெபாசிட் என்று 18,000 ரூபாயை யுபிஐயில் அனுப்பிவிட்டார். மறுநாளே, “சார், நீங்கதான் ஜெயிச்சிருக்கீங்க, வண்டியை ஏத்தி அனுப்ப 12,000 போடுங்க” என்று ஃபோன். அப்போதுதான் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நம்பர் பிளேட்டை மங்கலாக்கியிருந்தார்கள். ஆனால் நிறம் மறையவில்லை: முன்னால் வெள்ளை, பின்னால் மஞ்சள். நம் ஊரில் மஞ்சள் போர்டு என்றால் வாடகை வண்டி, அது இரண்டு பக்கமும் மஞ்சளாக இருக்கும். முன்னால் வெள்ளை, பின்னால் மஞ்சள் என்பது இங்கிலாந்து வழக்கம். இதே கார் அங்கே டிரையம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் ஓடியது. அங்கேயும் ஸ்டியரிங் வலது பக்கம்தான், அதனால் படத்தைப் பார்த்ததும் நமக்குச் சந்தேகம் வருவதில்லை. கூகுள் லென்ஸில் போட்டேன். அதே படம் ஒரு வெளிநாட்டு விற்பனைப் பக்கத்தில் இருந்தது.

ஆகவே, வாங்க நினைக்கும் காரின் உடம்பை முதலில் படியுங்கள். 1950களின் ஃபியட் 1100ல் முன் கதவின் கீல் நடுத்தூணில் இருக்கும், கதவு பின்பக்கமாகத் திறக்கும். பிறகு வந்த பத்மினியில் அப்படிக் கிடையாது. ‘1956 ஃபியட்’ என்று போட்டுவிட்டு பத்மினி கதவைக் காட்டினால் அங்கேயே நிறுத்திவிடலாம். 1962 அம்பாசடர் என்று சொல்லித் தரையில் கியர் இருக்கும் படத்தைப் போட்டாலும் கேள்வி கேளுங்கள். அந்தக் காலத்து அம்பாசடரில் கியர் ஸ்டியரிங் கம்பத்தில் இருந்தது. ‘வின்டேஜ் பதிவு செய்த கான்டெஸா’ என்றால் முழுப் பொய். 2021ல் வந்த வின்டேஜ் பதிவு விதி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய வண்டிக்கு மட்டும்தான். கான்டெஸா வந்ததே 1980களில்.

அப்புறம், என் அனுபவத்தில் மிகவும் பலன் தந்த சோதனை இது. காருக்குப் பக்கத்தில் நிற்கிறவரால் மட்டும் முடிகிற ஒரு வேலையைச் சொல்லுங்கள். வீடியோ காலில் பானெட்டைத் திறக்கச் சொல்லுங்கள். ஹெரால்டில் அது மட்கார்டோடு சேர்ந்து அப்படியே முன்பக்கமாகச் சாயும். சேஸிஸ் நம்பரையும் ஆர்சி புத்தகத்தையும் ஒரே ஃபிரேமில் காட்டச் சொல்லுங்கள். நிஜ ஓனர் சலித்துக்கொண்டாவது செய்வார். “மிலிட்டரி கேம்ப்புக்குள்ள நிக்குது, வீடியோ எடுக்க விடமாட்டாங்க” என்பது பல ஊர்களில் ஓடிய பழைய கதை, நம்பாதீர்கள்.

ஆர்சியில் இருக்கும் வண்டி நம்பரை எம்பரிவாகன் என்ற அரசு செயலியில் போட்டுப் பாருங்கள். 1989க்கு முந்தைய நம்பர் வண்டிகள் சில அதில் வராது, கணினியில் ஏற்றாமல் விட்டிருப்பார்கள். அதை வைத்து மோசடி என்று முடிவுகட்ட வேண்டாம். ஆர்டிஓ ஆபீசில் ஏற்றிவிட்டுக் கொடுங்கள், பிறகு பணம் தருகிறேன் என்று சொல்லுங்கள். திருட்டு வண்டியா என்பதை தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் வாகன என்ஓசி (தடையில்லாச் சான்று) சேவையில் பார்க்கலாம். வெளிமாநில வண்டி என்றால் அந்த ஊர் ஆர்டிஓவின் என்ஓசியும், அதாவது படிவம் 28ம், இங்கே கட்ட வேண்டிய ஆயுள் வரியும் உண்டு. விலையோடு அதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

நேரில் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள், டோக்கன் அட்வான்ஸ் என்றாலும் சரி. பணம் வாங்க யுபிஐ பின் போட வேண்டிய அவசியமே இல்லை. ‘ரீஃபண்ட் வரும், ஸ்கேன் பண்ணுங்க’ என்றால் உங்கள் கணக்கிலிருந்து எடுக்கப் பார்க்கிறார்கள். ஏமாந்துவிட்டீர்கள் என்று தெரிந்த நிமிஷமே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழையுங்கள், பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்க வாய்ப்பு இருக்கிறது. நாங்கள் ஒரு நாள் கழித்துத்தான் அழைத்தோம், 18,000 திரும்பவில்லை.

பெரியப்பா இன்னும் ஹெரால்டு தேடிக்கொண்டுதான் இருக்கிறார். போன மாதம் கோலார் பக்கம் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு இரண்டு பேரும் நேரில் போனோம். வண்டி நிஜமாகவே நின்றிருந்தது, பெயின்ட்டும் நன்றாக இருந்தது. எஞ்சின் நம்பர் மட்டும் ஆர்சியோடு ஒத்துப்போகவில்லை. எஞ்சின் மாற்றியதை ஆர்சியில் ஏற்றியபின் கூப்பிடுங்கள் என்று எங்கள் ஃபோன் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம்.