ஆலையில் செய்த வீடு மலையேறுமா?

கேள்வி: 6 சென்ட் நிலம் இருக்கிறது. தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து பொருத்தும் வீட்டை 45 நாளில் தருவதாக ஒரு நிறுவனம் சொல்கிறது. சதுர அடி விலையும் குறைவு. நம்பலாமா?
– சிறு தேயிலை விவசாயி, கோத்தகிரி

பதில்: வீட்டை நம்பலாம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வீடில்லாமல் தவித்தவர்களுக்காகப் பிரிட்டன் இப்படி 1,56,000-க்கும் மேற்பட்ட வீடுகளைப் பொருத்தியது. பத்தாண்டு தாங்கினால் போதும் என்று போட்டவற்றில் பல, அதற்குப் பிறகும் நெடுங்காலம் நின்றன. சென்னை பெரும்பாக்கத்தில் ஆலையில் வார்த்த கான்கிரீட் பாகங்களால் கட்டிய 1,152 வீடுகள் 2022-இல் திறக்கப்பட்டன.

என் ஆத்திரமெல்லாம் 'தொழிற்சாலை விலை' என்ற சொல்லின் மேல்தான். அது ஆலை வாசலோடு முடிந்துவிடுகிற விலை. லாரி வாடகை, கிரேன், அடித்தளம், கழிவுநீர்த் தொட்டி, மின் இணைப்பு, ஜி.எஸ்.டி. எல்லாம் உங்கள் தலையில் விழும். அதிலும் நம் சரிவில் அடித்தளம் என்பது சமவெளியில் போடுவது போன்றதல்ல. மண்ணை வெட்டிச் சமப்படுத்த வேண்டும். வெட்டிய பக்கம் தடுப்புச் சுவர் எழுப்ப வேண்டும். சுவருக்குப் பின்னால் தேங்கும் நீர் வடியத் துளை விட வேண்டும். 2009 நவம்பர் மழையில் நாற்பதுக்கும் மேற்பட்டோரை விழுங்கிய நீலகிரி மண் இது. இந்த வேலையில் ஒரு ரூபாயும் குறைக்காதீர்கள். "என் நிலத்தில் பொருத்தி, விளக்கு எரிந்து, குழாயில் தண்ணீர் வரும் நிலையில் சாவி கொடுக்க மொத்தம் எவ்வளவு?" என்று கேளுங்கள். எழுத்தில் பதில் தராதவருக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: இரும்புக் கால்களில் நிற்கும் வீட்டுக்குக் கட்டட அனுமதி தேவையில்லை என்கிறாரே விற்பவர்?
– குன்னூர்

பதில்: தேவை. உள்ளாட்சி அலுவலகத்தில் கேளுங்கள், விற்பவரிடம் கேட்காதீர்கள்.

கேள்வி: 40 அடி கன்டெய்னர் வீடு வாங்கினோம். டிரெய்லர் எங்கள் ஊர் வளைவில் திரும்பவில்லை. வழியிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். யார் பொறுப்பு?
– குந்தா

பதில்: கொண்டை ஊசி வளைவுகளுக்கு நடுவே குடியிருந்துகொண்டு, பாதையை ஒருமுறைகூட அளந்து பார்க்காமல் 40 அடிப் பெட்டிக்குப் பணம் கட்டியிருக்கிறீர்கள்! நிலத்தில் இறக்கித் தருவதாக ஒப்பந்தம் சொன்னால் பொறுப்பு அவர்களுடையது. பாதையைப் பார்த்துக்கொள்வது வாங்குபவரின் பொறுப்பு என்றிருந்தால் வாதாடுவது கடினம். முதலில் அந்தத் தாளைப் படியுங்கள்.

கேள்வி: புதிய பஃப் பேனல் (இரண்டு தகடுகளுக்கு நடுவே பாலியூரித்தேன் நுரை வைத்த பலகை) வீட்டில் விடிகாலையில் கூரையிலிருந்து நீர் சொட்டுகிறது. மழையே இல்லை.
– ஊட்டி

பதில்: உள்ளே இருக்கும் ஈரக்காற்று குளிர்ந்த தகரத்தில் பட்டு நீராகிறது. பேனல் இணைப்புகளிலும் மூடாமல் விட்ட இரும்புச் சட்டங்களிலும்தான் முதலில் முத்து முத்தாகக் கட்டும். இணைப்புகளை அடைத்து, சமையலறையிலும் குளியலறையிலும் காற்றை வெளியேற்றும் விசிறி போடச் சொல்லுங்கள்.

என் அம்மாவுக்காக நானும் இப்படி ஓர் அறை வாங்கினேன். தை மாத உறைபனியில் அவருடைய கம்பளி நனைந்தது. கட்டிலை மூன்று முறை இடம் மாற்றினோம். சொட்டும் இடமும் மாறியது. அம்மாவுக்கு மூச்சிழுப்பு அதிகமானதை நான் இன்னும் மறக்கவில்லை. வாங்கும்போது பேனலின் ஓரத்தை அறுத்துக் காட்டச் சொல்லியிருக்க வேண்டும். வெள்ளை மணியாக உதிர்ந்தால் தெர்மோகோல். பாலியூரித்தேன் நுரை அப்படி உதிராது. நுரையின் வகையையும் தடிமனையும் ரசீதில் எழுதி வாங்குங்கள்.

கேள்வி: ஐயா, எஸ்டேட்டில் ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தில் 4 லட்சம் முன்பணம் கட்டினேன். மூன்று மாதத்தில் வீடு என்றார்கள். பதினான்கு மாதம் ஆகிறது. எஸ்டேட் தந்த லைன் வீட்டையும் காலி செய்துவிட்டேன். இப்போது போனையே எடுப்பதில்லை.
– கூடலூர்

பதில்: அம்மா, உங்கள் மேல் ஒரு தவறும் இல்லை. பணத்தை வட்டியோடும் இதுவரை கட்டிய வாடகையோடும் 15 நாளில் திருப்பித் தரும்படி பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதியுங்கள். அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுங்கள். 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். அவர்கள் ஊருக்கு அலைய வேண்டாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமும் இல்லை. ஆனால் இரண்டு ஆண்டுக்குள் போட்டாக வேண்டும். ரசீது, வங்கிக் கணக்குத் தாள், வாடகைச் சீட்டுகள் எல்லாவற்றையும் நகலெடுங்கள். மனுவை எழுதி எனக்கு அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன்.