கேபிள் ரசீது இருக்கட்டும், கார்டு பில்லைப் பாருங்கள்

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறேன். கேபிளில் மூன்று விளையாட்டு சேனல்களுக்குத் தனியாகப் பணம் கட்டுகிறோம். வீண் செலவு, நிறுத்துங்கள் என்கிறார் மனைவி. மகனோ சின்னப்பம்பட்டி நடராஜன் பந்து வீசினால் இடத்தை விட்டு நகரமாட்டான். கடந்த மார்ச்சில் மைத்துனர் கேட்டார் என்று என் கிரெடிட் கார்டில் அவருக்கு 52,000 ரூபாய்க்கு டிவி வாங்கிக் கொடுத்தேன். அதற்கும் மாதாமாதம் கட்டி வருகிறேன். கையில் ஒன்றும் நிற்பதில்லை. சேனலை நிறுத்தட்டுமா? செயலிக் கடன் வாங்கலாமா?

பதில்: நீங்கள் அனுப்பிய கேபிள் ரசீது, கார்டு பில் நகல்கள் இரண்டையும் பார்த்தேன். பல சேனல்களைச் சேர்த்து விற்கும் பேக்கில் இடம்பெறும் சேனலின் மாத விலைக்கு உச்சவரம்பு 19 ரூபாய். அந்த விலையிலேயே மூன்றுக்கும் வரியோடு 67 ரூபாய்தான். ஐபிஎல் முடிந்ததும் இரண்டை எடுத்துவிடச் சொல்லுங்கள்; வேண்டிய சேனலை மட்டும் தனியாகக் கேட்டு வாங்கும் உரிமை 2019 முதல் இருக்கிறது. இந்திய அணி உள்நாட்டில் ஆடும் ஒருநாள், டி20 ஆட்டங்கள் தூர்தர்ஷனின் டிஷ் சேவையான டிடி ஃப்ரீ டிஷ்ஷில் மாதக் கட்டணம் இல்லாமல் வருகின்றன. 2017 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு கேபிளில் அந்த வசதி இல்லை. ஆகவே அதுவரை பையனின் ஆசைக்குக் கொடுக்கும் 67 ரூபாயைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

கார்டு பில்லில் 'குறைந்தபட்சத் தொகை' என்ற வரியைப் பேனாவால் வட்டமிட்டிருக்கிறீர்கள். ஒன்பது மாதமாக அதை மட்டும்தான் கட்டியிருக்கிறீர்கள். உங்கள் குடும்பத்தை அரிப்பது அந்தப் பழக்கம்தான். பாக்கி சுமார் 48,000. மாதம் மூன்றரை வட்டி என்றால் 1,680. அதற்கு ஜிஎஸ்டி 300. நீங்கள் கட்டும் 2,400-ல் அசலுக்குப் போவது 420 ரூபாய்! இதுவரை ஏறக்குறைய 22,500 கட்டி, கடன் குறைந்தது வெறும் 4,000. பட்டறையில் சேதாரம் அரை கிராம் கூடினால் திரும்ப எடை போட்டுப் பார்க்கிற நீங்கள், இதை எப்படி விட்டீர்கள்?

செயலிக் கடன் பக்கமே போகாதீர்கள். கடனைத் தவணையாக மாற்றித் தருகிறோம் என்று போனில் அழைப்பவர்களுக்கும் தலையாட்ட வேண்டாம். கூட்டுறவு சங்கத்திலோ வங்கியிலோ வீட்டு நகையை வைத்து 48,000 வாங்கி, கார்டு பாக்கியை ஒரே தடவையில் அடைத்துவிடுங்கள். ஆண்டு வட்டி பத்து சதவீதம் என்று வைத்தாலும் முதல் மாதம் 400 ரூபாய்தான். அதே 2,400-ஐத் தொடர்ந்து கட்டினால் இரண்டு வருடத்துக்குள் நகை வீட்டுக்கு வந்துவிடும்.

உங்கள் மனைவி சேனலுக்காகத்தான் சண்டை போடுகிறார் என்று நான் நினைக்கவில்லை. தம்பியைப் பற்றிப் பேச முடியாமல் கேபிளைப் பற்றிப் பேசுகிறார். இந்தக் கணக்கை முதலில் அவரிடம் காட்டுங்கள். பிறகு இருவருமாக உட்கார்ந்து, மாதம் பாதித் தொகையையாவது கொடு என்று மைத்துனரிடம் கேளுங்கள். டிவி அவர் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது. கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. அவர் தராவிட்டாலும் நகைக்கடனை மாதம் தவறாமல் கட்டிவிடுங்கள். கார்டு பாக்கி தீர்ந்த அன்றே அந்தக் கார்டை ரத்து செய்யச் சொல்லி வங்கியில் எழுதிக் கொடுங்கள். ரத்தானதற்கான கடிதத்தைக் கையோடு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.