கார்டு உள்ளே போகும், கதவு மூடுமா?

கேள்வி: வீடியோ எடிட்டிங்குக்காக மினி ஐடிஎக்ஸ் என்ற சின்ன அளவு மதர்போர்டில் ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிறேன். கிராபிக்ஸ் கார்டு வாங்கிவிட்டேன். நீளம் 304 மி.மீ., தடிமன் மூன்று ஸ்லாட். மேஜையில் இடம் குறைவு. 10 லிட்டர் கொள்ளளவுள்ள கேபினெட் ஒன்றில் ‘கார்டு நீளம் 320 மி.மீ. வரை’ என்று போட்டிருக்கிறது. வாங்கிவிடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். நீளம் மட்டும் பார்த்து வாங்கி நான் பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம்.

முதல் சின்ன கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்தபோது கார்டு அழகாக உள்ளே போய் உட்கார்ந்தது. பக்கவாட்டுக் கதவைத்தான் மூட முடியவில்லை. கார்டின் மேல் விளிம்பில் பவர் கேபிள் செருகும் இடம் இருக்கிறதல்லவா, அங்கே பிளக் விரல் உயரத்துக்கு எழுந்து நின்றது. கதவை அழுத்தினால் கேபிள் பிளக்கின் அடியிலேயே மடங்கியது. நல்ல வேளையாக அழுத்துவதை நிறுத்தினேன். இப்போதைய கார்டுகளில் வரும் 16 பின் பிளக் என்றால் இது விளையாட்டில்லை. பின்கள் சரியாகப் பொருந்தாமல் அந்த இடம் சூடேறி, பிளாஸ்டிக் உருகிய கார்டுகள் உண்டு. பிளக்கிலிருந்து 35 மி.மீ. வரையாவது கேபிள் நேராக வந்து, அப்புறம்தான் வளைய வேண்டும்.

அதனால் இன்றே ஒரு வேலை செய்யுங்கள். கார்டை மேஜையில் வைத்து, கேபிளைச் செருகி, அது தானாக எப்படி வளைகிறதோ அப்படியே விடுங்கள். மதர்போர்டில் செருகும் தங்கநிற விளிம்பிலிருந்து கேபிள் வளைவின் உச்சி வரை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். என் கார்டின் உயரம் 137 மி.மீ.தான், கேபிளோடு சேர்த்து அளந்தால் 170-ஐத் தாண்டியது. கேபினெட்டில் பார்க்க வேண்டியது இந்த இரண்டாவது எண்ணை.

அடுத்தது தடிமன். ஒரு ஸ்லாட் என்பது 20.32 மி.மீ.; மூன்று என்றால் 61. சில கார்டுகள் அதற்கும் மேல் இரண்டு மூன்று மி.மீ. புடைத்திருக்கும். 10 லிட்டர் கேபினெட்டுகளில் பல ‘சாண்ட்விச்’ அமைப்புதான்: நடுவில் ஒரு தடுப்பு, ஒரு பக்கம் மதர்போர்டு, மறுபக்கம் கார்டு. கார்டுக்கு இடம் கூடக் கூட, மறுபக்கம் ப்ராசஸரைக் குளிர்விக்கும் கூலருக்குக் கிடைக்கும் உயரம் குறையும். மூன்று ஸ்லாட் கார்டு வைத்தால் கூலருக்குப் பெரும்பாலும் 50 மி.மீ. சொச்சம்தான் மிஞ்சும். கேம் ஆடுகிறவருக்கு அது போதலாம். நீங்களோ எடிட் செய்த வீடியோவை முழு ஃபைலாக்க மணிக்கணக்கில் ரெண்டர் போடுபவர். ப்ராசஸர் அத்தனை நேரமும் முழு வேகத்தில் ஓடும். அந்தச் சின்ன ஃபேன் போடும் சத்தத்தில் நீங்கள் ஆடியோவைக் கேட்டு எடிட் செய்ய வேண்டும். எனக்கு அது சரிப்படவில்லை.

சாண்ட்விச்சில் கார்டை மதர்போர்டோடு ரைசர் என்ற நீட்டிப்புக் கேபிள் வழியாகத்தான் இணைப்பார்கள். இந்த இணைப்புக்கு பிசிஐஇ என்று பெயர், அதில் தலைமுறைகள் உண்டு; பழைய மூன்றாம் தலைமுறை ரைசரில் நான்காம் தலைமுறை கார்டைப் போட்டால் திரை கறுப்பாகவே நிற்கலாம். மதர்போர்டின் செட்டிங்ஸான பயாஸில் ஸ்லாட் வேகத்தை ஜென் 3-க்கு, அதாவது மூன்றாம் தலைமுறைக்கு, இறக்கினால் சரியாகிவிடும்.

உங்களுக்கு என் சிபாரிசு 18 லிட்டர் வகை. எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம். உதாரணத்துக்கு கூலர் மாஸ்டர் என்ஆர்200 கேபினெட்டை எடுத்துக்கொள்ளுங்கள்: 18.25 லிட்டர், ஆனால் மேஜையில் பிடிக்கும் அகலம் 185 மி.மீ.தான். கார்டு நேராக மதர்போர்டிலேயே ஏறும், ரைசர் தொல்லை இல்லை. உயரமான டவர் கூலரும் வைக்கலாம். மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் எஸ்எஃப்எக்ஸ் என்ற சின்ன அளவில் வாங்குங்கள், வழக்கமான ஏடிஎக்ஸ் அளவு இதில் பொருந்தாது.

கண்ணாடிக் கதவும் சல்லடைக் கதவும் சேர்ந்து வந்தால் சல்லடையையே மாட்டுங்கள். கேபிளோடு அளந்த எண் என்ன வந்தது என்று எழுதுங்கள், அதை வைத்து மேற்கொண்டு பேசலாம்.