திரையில் இட்ட கோலம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அல்சூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் தளத்தில் வசிக்கிறேன். தெருவாசல் இல்லாததால், வீட்டுக் கதவுக்கும் லிஃப்டுக்கும் நடுவிலுள்ள நடையில்தான் நாள்தோறும் கோலமிடுகிறேன். ஓராண்டாக என் மகள் அதைப் படமெடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டு வருகிறாள். “வாசலில் இடுவதுதான் கோலம், போனில் போடுவது வெறும் விளம்பரம்” என்கிறார் என் கொழுந்தனார். சமூக ஊடகத்தில் இடுவதைக் கலை என்று சொல்லலாமா?
– ஒரு வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: தங்கள் கொழுந்தனார் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. முடிந்துபோன கோலத்தைப் படமெடுத்துப் பதிவிடும்போது கலை நடையிலேயே நிறைவடைந்துவிடுகிறது; இன்ஸ்டாகிராம் அதை நாலு பேருக்குக் காட்டும் கண்ணாடி அலமாரி மட்டுமே. அதில் குறையொன்றும் இல்லை. கர்நாடக சித்ரகலா பரிஷத் ஜனவரி மாதத்தில் நடத்தும் சித்திரச் சந்தையன்று குமாரகிருபா சாலையோரத்தில் ஓவியங்களைச் சாய்த்து வைத்துக்கொண்டு அமர்ந்திருப்பவர்கள் செய்வதும் அதுவே. அவர்களுக்கு அந்தச் சாலை கடைவீதி. ஓவியத்துக்குள் அது வருவதில்லை.

சாலையே படைப்புக்குள் வந்துவிடுவதும் இதே பெங்களூரில் நடந்திருக்கிறது. ஓவியர் பாதல் நஞ்சுண்டசாமி 2015இல் சாலைப் பள்ளமொன்றில் முதலையுருவத்தை இறக்கி வைத்தது பலருக்கு நினைவிருக்கும். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, சந்திரயான்-2 நிலவை நெருங்கிக்கொண்டிருந்த 2019 செப்டம்பரில் அவர் வெளியிட்ட குறுங்காணொளி. விண்வெளி வீரரின் உடையணிந்த ஒருவர் இருளில், குழிகள் நிறைந்த பரப்பின்மீது மிதப்பதுபோல் மெல்ல அடியெடுத்து வைக்கிறார். நிலவுதான் என்று நாம் நம்பிவிட்ட நேரத்தில் ஓர் ஆட்டோ குறுக்கே கடந்துபோகிறது. அப்போதுதான் அது நம் ஊர்த் தெரு என்பது உறைக்கிறது. அன்றிரவு அந்தத் தெருவிலேயே நின்றிருந்தவர் கண்ணுக்கு, வேடம் கட்டிய ஒரு மனிதர் குழிகளைத் தாண்டி நடப்பது மட்டுமே தெரிந்திருக்கும். நிலவு இருந்தது கேமரா வகுத்த சட்டத்துக்குள். ஆட்டோ எப்போது வரவேண்டும் என்பதைத் தீர்மானித்ததும் அந்தச் சட்டமே. ஆகவே அங்கே காணொளியே படைப்பு, அது கைக்குக் கை பரவியதும் படைப்பின் ஒரு பகுதி.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அர்ஜென்டினாவில் பிறந்த அமாலியா உல்மன் என்னும் கலைஞர் 2014இல் சில மாதங்கள் தமது இன்ஸ்டாகிராம் பக்கத்தில் ஒரு கற்பனைப் பெண்ணின் வாழ்வைத் தம் வாழ்வுபோலவே பதிவிட்டு வந்து, கடைசியில் அத்தனையும் நடிப்பு என்று அறிவித்தார். 2016இல் லண்டனின் டேட் மாடர்ன் அருங்காட்சியகம் அதைக் காட்சிக்கு வைத்தது. சுவரில் மாட்டியபோது அது ஓரளவு இளைத்துப்போயிருக்கும் என்பது என் கருத்து. ஏனெனில் நாள்கணக்கில் நம்பிக்கொண்டிருந்த பார்வையாளர்கள்தாம் அதன் உண்மையான சரக்கு.

இனி தங்கள் கோலத்துக்கு வருகிறேன். கோலம் காலத்தில் நிகழ்வது. முதலில் புள்ளி, பிறகு இழை, பிறகு மிதிபடுதல். முடிந்த கோலத்தின் படத்தில் இம்மூன்றில் எதுவுமே தெரிவதில்லை. இன்ஸ்டாகிராமில் ‘ஸ்டோரி’ என்பது 24 மணி நேரத்தில் மறைந்துபோகிறது. தங்கள் கோலத்தின் ஆயுளும் ஏறக்குறைய அவ்வளவே. நிலையான பதிவாக எதையும் போடாமல், ஒரே இடத்தில் ஒரே கோணத்தில் கைப்பேசியை நிறுத்தி, விடியற்காலையில் இட்ட கோலம், செய்தித்தாள் விழுந்த கோலம், பள்ளிப் பிள்ளைகள் லிஃப்டுக்கு ஓடிய பின் இழை சிதைந்த கோலம், பத்து மணிக்குத் துடைப்பம் வந்து நின்ற கோலம் என்று ஸ்டோரியில் மட்டும் இட்டுப்பாருங்கள். நடையில் நிற்கும் யாரும் இந்த முழு நாளையும் பார்ப்பதில்லை. அது திரையில் மட்டுமே உண்டாவது. அதுவும் மறுநாள் அழிந்துவிடும்.

ஒரே பதிவில் பல படங்களைக் கோத்து, விரலால் தள்ளிப் பார்க்கும் வசதியும் இருக்கிறது. 2017இல் 10 படங்கள் என்று தொடங்கிய அந்த அளவு 2024இல் 20 ஆக உயர்ந்தது. ஒரு சிக்குக் கோலத்தை 20 துண்டுகளாக, ஒவ்வொரு படத்தின் வலது விளிம்பில் முடியும் இழை அடுத்த படத்தின் இடது விளிம்பில் தொடங்கும்படி இட்டால், எந்த வாசலும் கொள்ளாத நீளமுள்ள ஒரு கோலம் கிடைக்கும். ஆனால் திரை குத்துச் செவ்வகம் என்பதை மறக்கக்கூடாது. 2010இல் தொடங்கி 2015 வரை இன்ஸ்டாகிராம் சதுரப் படங்களை மட்டுமே ஏற்றது. நேர்ப்புள்ளிக் கோலத்துக்கு அதைவிடப் பொருத்தமான சட்டம் இல்லை. இப்போது நெட்டுக்குத்தான படங்களே திரையை நிறைக்கின்றன. கோலத்தின் ஓரத்தை வெட்டி உள்ளே திணிப்பதைவிட, மேலே நிலைப்படியும் கீழே தங்கள் பாதமும் தெரியவிட்டு நடுவில் கோலத்தை அமைப்பது நன்று. பளபளப்பான கிரானைட் தரையில் டியூப்லைட் பிரதிபலித்து மாவின் வெண்மையை விழுங்கிவிடும், ஆகவே விளக்கை அணைத்துவிட்டுச் சன்னல் வெளிச்சத்தில் எடுங்கள். பின்னணியில் சினிமாப் பாட்டு மட்டும் வேண்டாம். இது என் சொந்த எரிச்சல் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்தால் அதுவே போதும்.

கேள்வி: அல்சூர் ஏரிக்கரையிலுள்ள வள்ளுவர் சிலையைக் கோட்டோவியமாக வரைந்து, அதைச் சுற்றித் தமிழெழுத்துகளை அமைத்து முகநூலில் இட்டேன். யாரோ என் கையொப்பத்தை அழித்துவிட்டுத் தம் பக்கத்தில் போட்டுக்கொண்டார். கேட்டால், “சிலையே வேறொருவர் செய்தது, உனக்கென்ன உரிமை?” என்கிறார்.
– ஒரு வாசகர், கம்மனஹள்ளி, பெங்களூரு

பதில்: 18 ஆண்டுகள் மூடிக் கிடந்து 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்ட சிலை அது; அதை வரையத் தோன்றுவது இயல்பே. பொது இடத்தில் நிலையாக நிறுவப்பட்ட சிற்பத்தை வரைவதும், படமெடுப்பதும், அவற்றை வெளியிடுவதும் பதிப்புரிமை மீறல் ஆகாது என்று 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது. தாங்கள் வரைந்த ஓவியமோ தங்களுடையது. வரைந்த கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது, பதிவு செய்வது கட்டாயமில்லை; வாழ்நாளுக்குப் பின்னும் 60 ஆண்டுகள் அது நிலைக்கும். படைத்தவர் தாமே என்று உரிமை கோரும் அதிகாரத்தை 57ஆம் பிரிவு தனியே தருகிறது, ஆகவே கையொப்பத்தை அழித்தவரின் வாதம் எடுபடாது. முகநூலில் பதிவேற்றும்போது அந்நிறுவனத்துக்குக் கட்டணமற்ற பயன்பாட்டு அனுமதி தருகிறோமே தவிர, அடுத்த வீட்டுக்காரருக்குத் தருவதில்லை. பென்சில் வரைவையும், அடுக்கடுக்காகச் சேமித்த மூலக் கோப்பையும் தேதியோடு வைத்துக்கொண்டு, அத்தளத்திலுள்ள பதிப்புரிமைப் புகார்ப் படிவத்தை நிரப்புங்கள். படத்தின் நடுவே பெரிய எழுத்தில் பெயரைப் பொறித்துவிடலாம் என்று நண்பர்கள் சொல்வார்கள். ஓவியத்தைக் கெடுத்துத்தான் அதைக் காக்கவேண்டுமா என்று யோசியுங்கள்.

பிரபலங்களுக்கும் இதில் விலக்கில்லை. அமெரிக்க ஓவியர் ரிச்சர்ட் பிரின்ஸ் 2014இல் பிறரது இன்ஸ்டாகிராம் பதிவுகளைப் பெரிதாக அச்சிட்டு, அடியில் தம் கருத்தொன்றைச் சேர்த்துக் காட்சிக்கு வைத்தார். புகைப்படக்காரர்கள் தொடுத்த இரு வழக்குகள் 2024 ஜனவரியில் அவர்களுக்குச் சாதகமாக முடிந்தன.

கேள்வி: முகநூலில் கவிதை எழுதுகிறேன். லைக் குறைந்தால் சோர்வு வருகிறது. லைக் விழும்படி எழுதலாமா?
– ஒரு வாசகர், இந்திரா நகர், பெங்களூரு

பதில்: எழுதலாம், ஆனால் சலித்துவிடும். அந்த எண்ணிக்கையை விட்டுவிட்டு, தளத்தின் வடிவத்தோடு விளையாடிப் பாருங்கள். எழுத்தாளர் டேஜு கோல் 2014 ஜனவரியில், ஒரு சிறுகதையின் வாக்கியங்களைப் பலரிடம் பிரித்துக் கொடுத்து அவரவர் ட்விட்டர் கணக்கில் எழுதச் செய்து, அவற்றை வரிசையாகத் தாம் மறுபதிவிட்டே கதையைச் சொன்னார். தங்களுக்கு அவ்வளவு ஆள்பலம் தேவையில்லை. முகநூல் சில வரிகளுக்குப் பிறகு கவிதையை மடித்து ‘மேலும் பார்க்க’ என்று நிறுத்திவிடுகிறதல்லவா, அந்த மடிப்பு எந்தச் சொல்லில் விழவேண்டும் என்று யோசித்து எழுதுங்கள். விரலால் தொட்டபின் வரும் வரி, முன் வரியைப் புரட்டிப்போடலாம். நான் இரவில் பதிவிட்டதும் கைப்பேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டுப் படுத்துவிடுவேன். காலையில் பால் காய்ச்சிய பிறகே எடுத்துப் பார்ப்பேன், பெரும்பாலான நாட்களில்.