டிடி 214-இல் விடுபட்ட போர் பேட்ஜ்: முதலில் எந்தக் கதவைத் தட்டுவது?

கேள்வி: மாணவர் விசாவில் அமெரிக்கா வந்தவன் நான். 2009-இல், தமிழ் உள்ளிட்ட சில மொழிகள் தெரிந்த வெளிநாட்டவரைச் சேர்த்துக்கொண்ட மாவ்னி திட்டத்தின் வழியாகத் தரைப்படையில் சேர்ந்தேன். லாரி ஓட்டுநர் பணி. 2012-இல் ஆப்கானிஸ்தானின் காந்தஹார் மாகாணத்தில் எங்கள் கான்வாய் போய்க்கொண்டிருந்தபோது என் வண்டியின் முன்சக்கரத்தின் கீழ் குண்டு வெடித்தது. உடனே துப்பாக்கிச் சூடும் தொடங்கியது. தலையில் அதிர்ச்சி, காதில் இன்றுவரை நிற்காத இரைச்சல். இரண்டு நாள் ஓய்வு கொடுத்தார்கள். "உனக்கு ஒரு பதக்கத்துக்கு எழுதுகிறேன்" என்று என் லெப்டினன்ட் சொன்னார். 2013-இல் நற்சான்றுடன் விடுவிக்கப்பட்டேன். ஆனால் பணி விடுவிப்பின்போது தரும் சான்றான என் டிடி 214 படிவத்தில் போர் தொடர்பான பேட்ஜ் எதுவும் இல்லை. அன்று எங்களுக்குக் காவலாக வந்த காலாட்படையினர் நெஞ்சில் பேட்ஜ் இருக்கிறது. ஆவணத் திருத்த வாரியத்துக்கு இப்போது விண்ணப்பிக்கலாமா? காலம் கடந்துவிட்டதா? பழைய கோப்பைக் கிளறினால் என் குடியுரிமைக்கு ஏதேனும் சிக்கல் வருமா?

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அந்தப் பயம் இருக்கும்வரை மற்றது எதுவும் மனதில் ஏறாது. ராணுவ சேவையின் பேரில் பெற்ற குடியுரிமையை அந்தச் சேவையின் குறையைக் காட்டிப் பறிக்க வேண்டுமானால், மொத்தம் ஐந்தாண்டுச் சேவை நிறையும் முன் கௌரவக் குறைவான முறையில் நீங்கள் வெளியேற்றப்பட்டிருக்க வேண்டும். நீங்கள் நற்சான்றோடு வந்தவர். விடுபட்ட பேட்ஜைக் கேட்டு எழுதுவது அந்தச் சான்றைத் தொடவே தொடாது. எழுதுவதெல்லாம் உண்மையாக இருந்தால் போதும்.

இனி வாரியம். தரைப்படைக்கு ராணுவ ஆவணத் திருத்த வாரியம் என்ற அமைப்பு இருக்கிறது. கடற்படைக்கும் மரைன் படைக்கும் சேர்த்து ஒன்று, விமானப்படைக்கு ஒன்று, கடலோரக் காவல்படைக்கு ஒன்று. சீருடை அணியாத அதிகாரிகள் அமர்ந்து, ஆவணத்தில் பிழையோ அநீதியோ இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இதைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் பெரும்பாலும் நேராக அங்கேதான் ஓடுகிறார்கள். கீழ்க் கோர்ட்டுக்குப் போகாமல் ஹைகோர்ட் படியேறுவது போன்ற வேலை அது. கீழே உள்ள வழிகளை முடித்துவிட்டு வாருங்கள் என்று வாரியம் திருப்பி அனுப்பிவிடும்.

முதலில் உங்களிடம் விடுபட்டிருப்பது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். இந்த ஒரு விஷயத்தில் தெளிவு வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பேட்ஜ் வழங்கப்பட்டதற்கான ஆணை ஏற்கெனவே பிறப்பிக்கப்பட்டு, விடுவிப்பின்போது டிடி 214-இன் 13ஆம் கட்டத்தில் தட்டச்சு செய்ய மறந்திருக்கலாம். அப்படியானால் அது எழுத்தர் பிழை. ஆணையின் நகலைக் காட்டினால் டிடி 215 என்ற திருத்தப் படிவம் கொடுத்துவிடுவார்கள், வாரியம் வரை போகவே வேண்டாம். ஆணையே பிறக்கவில்லை என்றால் கதை வேறு. அப்போது நீங்கள் கேட்பது திருத்தம் அல்ல, புதிதாக ஒரு பேட்ஜ். பல விண்ணப்பங்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் மாதக்கணக்கில் அலைகின்றன.

எனவே முதல் வேலை, உங்கள் முழுப் பணிக்கோப்பையும் வரவழைப்பது. செயின்ட் லூயிஸில் உள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்துக்கு எஸ்.எஃப். 180 படிவத்தில் எழுதலாம், இணையம் வழியாகவும் கேட்கலாம். டிடி 214 மட்டும் போதும் என்று கேட்காதீர்கள். முழுக் கோப்பையும் கேளுங்கள். 2013-இல் விடுவிக்கப்பட்டவர்களின் மருத்துவப் பதிவுகள் முன்னாள் படைவீரர் துறையிடம் இருக்கும், அவற்றை அங்கே தனியாகக் கேளுங்கள். 1973 ஜூலை 12 அன்று அந்த மையத்தில் பிடித்த தீயில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட கோப்புகள் கருகின. ஆனால் அவை பழைய தலைமுறையினருடையவை, உங்கள் காலத்துக் கோப்புகளுக்கு அந்த ஆபத்து நேரவில்லை. உங்கள் தலைமுறைக்கு வந்த ஆபத்து வேறு: இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் சில படையணிகள் தங்கள் களப் பதிவுகளை ஒழுங்காகச் சேமித்து அனுப்பவே இல்லை. ராணுவமே பின்னர் இதை ஒப்புக்கொண்டது. அதனால் படையணியின் நாட்குறிப்பு கிடைக்கவில்லை என்றால் அது உங்கள் குற்றமல்ல. அதே நேரத்தில், கிடைக்காததற்கு ஈடாக வேறு சான்றுகளை நீங்கள்தான் திரட்ட வேண்டும்.

உங்களுக்குப் பொருந்துவது காம்பேட் ஆக்‌ஷன் பேட்ஜ். காலாட்படையினர் அணிந்திருப்பது காம்பேட் இன்ஃபன்ட்ரிமேன் பேட்ஜ். அது 1943 முதல் இருக்கிறது. காலாட்படைப் பணியில் இருப்பவர்களுக்கும் சிறப்புப் படையினருக்கும் மட்டுமே கிடைக்கும். ஒரே சாலை, ஒரே குண்டு, ஒரே புழுதி என்றாலும் லாரி ஓட்டுநருக்கு அது கிடைக்காது. முன்வரிசை, பின்வரிசை என்ற கோடே இல்லாத போர்களில் இது அநியாயம் என்று குரல் எழுந்த பிறகுதான், 2005-இல், எந்தப் பிரிவினராக இருந்தாலும் பெறக்கூடிய காம்பேட் ஆக்‌ஷன் பேட்ஜ் உருவானது. 2001 செப்டம்பர் 18 முதல் நடந்த சம்பவங்களுக்கே அது செல்லும். வியட்நாமில் லாரி ஓட்டி, பதுங்கித் தாக்கியவர்களிடம் மாட்டிய முதியவர்கள் இன்றும் இதைக் கேட்டு எழுதுகிறார்கள். அவர்களுக்கு இல்லை என்று சொல்லும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. இதில் உங்கள் காலம் உங்களுக்குச் சாதகம்.

போர்க்களத்தில் இருந்தேன் என்பது மட்டும் இந்த பேட்ஜுக்குப் போதாது. எதிரியுடன் நீங்கள் மோதியிருக்க வேண்டும், அல்லது எதிரி உங்களைத் தாக்கியிருக்க வேண்டும். அந்த இடத்தில் நீங்களே நேரில் இருந்திருக்க வேண்டும். போர் விதிகளை மீறாமல் உங்கள் கடமையைச் செய்திருக்க வேண்டும். உங்கள் சம்பவம் இதற்குள் வருகிறது. நீங்கள் பணியை விட்டுவிட்டதால் விண்ணப்பம் போக வேண்டிய இடம், கென்டக்கி மாநிலம் ஃபோர்ட் நாக்ஸில் உள்ள ராணுவ மனிதவளக் கட்டளையகத்தின் விருதுகள் பிரிவு. பணி உத்தரவு, டிடி 214, சம்பவத்தைப் பற்றிய ஒரு பக்க விவரிப்பு, முடிந்தால் அன்றைய அதிகாரியின் பரிந்துரைக் குறிப்பு, நேரில் கண்ட குறைந்தது இருவரின் வாக்குமூலம் ஆகியவை அதோடு போக வேண்டும்.

அந்த ஒரு பக்கத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். தேசப்பற்று, தியாகம், குடும்பம் பட்ட துயரம் என்று நான்கு பக்கம் ஓடும். படித்து முடித்தால் எந்தத் தேதி, எந்தச் சாலை, எத்தனை மணி என்பது மட்டும் இருக்காது. நீங்கள் அப்படி எழுதாதீர்கள். தேதி, நேரம், எங்கிருந்து எங்கே போனீர்கள், வரிசையில் எத்தனையாவது வண்டி, உங்களோடு வண்டியில் யார், குண்டு எந்தப் பக்கம் வெடித்தது, சூடு எங்கிருந்து வந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதை மட்டும் எழுதுங்கள். தேதி துல்லியமாக நினைவில்லை என்றால் அந்த வாரத்தில் வீட்டுக்கு அனுப்பிய மின்னஞ்சல், புகைப்படத்தில் பதிந்த நாள் இவற்றிலிருந்து கண்டுபிடியுங்கள். ஊகத்தை உண்மை போல எழுத வேண்டாம். படையணிப் பதிவில் வேறு தேதி இருந்துவிட்டால் மற்ற அனைத்தின் மீதும் சந்தேகம் விழும்.

சாட்சிகளிலும் இதே கவனம் வேண்டும். நீங்களே ஒரு வாக்குமூலத்தை எழுதி, "கையெழுத்து மட்டும் போடு" என்று இரண்டு தோழர்களுக்கு அனுப்பும் பழக்கம் உண்டு. இரண்டு கடிதங்களிலும் ஒரே எழுத்துப்பிழை இருப்பதைப் பார்த்ததுமே மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குப் புரிந்துவிடும். அவரவர் எங்கே இருந்தார், எவ்வளவு தூரத்தில் இருந்தார், எதைக் கண்டார் என்பதை அவரவர் சொற்களில் எழுதட்டும். சிறு முரண்கள் இருந்தால் பரவாயில்லை. பத்தாண்டுகளுக்கு மேலான நினைவில் முரண் இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். நோட்டரியிடம் போக இயலாதவர்கள், பொய்யென்றால் தண்டனைக்கு உட்படுவேன் என்ற உறுதிமொழி வாசகத்துடன் தேதியிட்டுக் கையெழுத்திட்டாலும் அமெரிக்கச் சட்டம் அதை ஏற்கிறது. காவலுக்கு வந்த காலாட்படையினரில் ஒருவர் எழுதித் தந்தால் மிக நல்லது. அதே சம்பவத்துக்காக அவருக்கு பேட்ஜ் ஆணை கிடைத்திருந்தால் அதன் நகலையும் கேளுங்கள். அந்த நாளில் அங்கே சண்டை நடந்தது என்பதை ராணுவமே எழுதி வைத்திருக்கும் தாள் அது. களச் சம்பவ அறிக்கை வேண்டுமானால் தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ், ஆப்கானிஸ்தான் போரை நடத்திய மத்தியக் கட்டளையகத்திடம் கேட்கலாம். ரகசிய முத்திரை நீங்காத எதையும் உங்கள் பழைய மடிக்கணினியிலிருந்து எடுத்து இணைத்துவிடாதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும்: பர்ப்பிள் ஹார்ட் பதக்கம். எதிரியின் செயலால் காயம்பட்டவருக்கு உரிமையாக வருவது அது, யாரும் பரிந்துரைக்க வேண்டியதில்லை. வெடி அதிர்ச்சியால் மூளைக்கு நேரும் காயத்தை எப்படிக் கணக்கில் எடுப்பது என்பதை 2011-இல் தெளிவுபடுத்தினார்கள், 2001 செப்டம்பர் 11 வரை பின்னோக்கி அது செல்லும். நினைவிழந்திருந்தால் அதை மருத்துவ அலுவலர் கண்டறிந்து பதிந்திருக்க வேண்டும். நினைவிழக்கவில்லை என்றால், காயத்துக்குச் சிகிச்சை பெற்று, முழுப் பணிக்குத் தகுதியில்லை என்று 48 மணி நேரத்துக்கு மேல் நிறுத்தி வைக்கப்பட்டிருக்க வேண்டும். நீங்கள் "இரண்டு நாள்" என்கிறீர்கள். அங்கேதான் நூலிழைச் சிக்கல். 47 மணி நேரமும் பேச்சுவழக்கில் இரண்டு நாள்தான், 60 மணி நேரமும் இரண்டு நாள்தான். ஓய்வுச் சீட்டில் உள்ள நேரத்தைப் பார்த்த பிறகே எழுதுங்கள். 2010 ஜூன் முதல், வெடித்த இடத்திலிருந்து 50 மீட்டருக்குள் இருந்தவர்களையும் வெடியில் சிக்கிய வண்டியில் இருந்தவர்களையும் கட்டாயமாக மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பி, குறைந்தது 24 மணி நேரம் ஓய்வு தர வேண்டும் என்பது விதி. ஆகவே 2012-இல் உங்களைப் பரிசோதித்த தாள் ஒன்று எங்கோ இருக்க வேண்டும். மருத்துவப் பதிவைத் தனியாகக் கேட்கச் சொன்னது இதற்காகத்தான்.

இதனால் என்ன பயன் என்று வீட்டில் கேட்பார்கள். பேட்ஜுக்குப் பணம் எதுவும் கிடையாது. ஆனால் காதிரைச்சலுக்கு முன்னாள் படைவீரர் துறையிடம் இழப்பீடு கேட்டால், போரில் ஈடுபட்டவர் என்று நிலைநாட்டியவரின் சொல்லுக்கே சட்டம் தனி எடை தருகிறது. மருத்துவத் தாள் இல்லாத குறையை அது ஓரளவு ஈடுகட்டும். அந்த நிலைநாட்டலுக்கு இந்த பேட்ஜ் வலுவான சான்று. பர்ப்பிள் ஹார்ட் இருந்தால் அந்தத் துறையின் மருத்துவமனைகளில் முன்னுரிமையும், முன்னாள் வீரர்களின் படிப்புச் செலவுக்கான 9/11-க்குப் பிந்தைய ஜி.ஐ. கல்வி உதவி முழுமையாகவும் கிடைக்கும்.

லெப்டினன்ட் வாக்களித்த பதக்கம் மூன்றாவது பாதை. அதை உங்களுக்கு நீங்களே கேட்டுக்கொள்ள முடியாது. சம்பவத்தை நேரில் அறிந்தவர் பரிந்துரைக்க வேண்டும். காலக்கெடு தாண்டிவிட்டதால் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் வழியாக அனுப்ப வேண்டும், சட்டத்திலேயே அதற்கு வழி இருக்கிறது. பரிந்துரைத் தாள்கள் தொலைவது புதிதல்ல. வியட்நாமின் பாங் சானில் 1965 ஜூனில் போரிட்ட பாரிஸ் டேவிஸ் என்ற அதிகாரிக்கான பரிந்துரை தொலைந்தது, மறுபடி எழுதச் சொன்னபோது அதுவும் காணாமல் போனது. அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான மெடல் ஆஃப் ஹானர் அவர் கழுத்தில் ஏறியது 2023 மார்ச் 3 அன்று. உங்கள் லெப்டினன்ட் இன்று எங்கே இருக்கிறார் என்று தேடுங்கள். பேட்ஜ் விண்ணப்பத்துக்கும் அவர் கடிதம் உதவும். அதனால் ஒரே தேடலில் இரண்டு காரியம் முடியும்.

ஃபோர்ட் நாக்ஸ் மறுத்தால் அந்த மறுப்புக் கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். வாரியத்துக்குப் போக அதுவே நுழைவுச் சீட்டு. டிடி 149 படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும், கட்டணம் இல்லை. பிழையை அறிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு என்று சட்டம் சொல்கிறது. ஆனால் நீதியின் பொருட்டு அதைத் தள்ளுபடி செய்யும் அதிகாரம் வாரியத்துக்கு உண்டு. ஏன் தாமதம் என்று படிவத்திலேயே கேட்டிருப்பார்கள். அந்த இடத்தை வெறுமையாக விடாமல் நேர்மையாக இரண்டு வரி எழுதுங்கள்: இப்படி ஒரு பேட்ஜுக்குத் தகுதி உண்டு என்று இப்போதுதான் தெரிந்தது, அன்று சொன்ன அதிகாரி அனுப்பியிருப்பார் என்று நம்பினேன், இப்படி. ராணுவ ஆவணம் சரியாகவே எழுதப்பட்டிருக்கும் என்ற அனுமானத்தோடுதான் வாரியம் கோப்பைத் திறக்கும். அதை மாற்றும் பொறுப்பு உங்கள் மேல். பெரும்பாலும் தாள்களைப் பார்த்தே முடிவு செய்வார்கள், நேரில் பேச வாய்ப்புக் கிடைக்கும் என்று எதையும் மிச்சம் வைக்காதீர்கள். பத்து மாதங்களுக்குள் பெரும்பாலான வழக்குகளையும், பதினெட்டு மாதங்களுக்குள் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும் என்பது அவர்களுக்குச் சட்டம் விதித்த கெடு. தோற்றாலும் புதிய சான்று கிடைத்தால் மறுபரிசீலனை கேட்கலாம். அதன் பிறகு கூட்டாட்சி நீதிமன்றம் உண்டு, அதற்கு வழக்கறிஞர் வேண்டும். அதுவரை வழக்கறிஞருக்குச் செலவழிக்க வேண்டாம். அமெரிக்கன் லீஜியன் போன்ற முன்னாள் வீரர் அமைப்புகளில் இதற்கென்றே இருப்பவர்கள் இலவசமாக உதவுவார்கள்.

மூலப் பிரதி எதையும் அனுப்பாதீர்கள், நகல் மட்டும் போதும். இன்னொன்று: ஆணை கையில் வரும்வரை அந்த பேட்ஜைக் கடையில் வாங்கி, நவம்பர் 11 முன்னாள் படைவீரர் தின விழாவுக்கு அணிந்துகொண்டு போகாதீர்கள். தகுதி இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் பெறாத போர் பேட்ஜைக் காட்டிப் பணமோ ஆதாயமோ அடைவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. நீங்கள் ஆதாயம் தேடவில்லை என்றாலும், விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது அப்படி ஒரு புகைப்படம் சுற்றுவது உங்களுக்கு நல்லதல்ல.