ஆயாம்மாவின் முந்தானைக்குள் ஒளியும் மகள்

வணக்கம் மேடம்.

கணவரின் வேலைக்காகக் கோலாலம்பூர் வந்து ஆறு வருடமாகிறது. செந்தூலில் ஒரு கொண்டோவில் இருக்கிறோம். எனக்குக் கணவரைச் சார்ந்து தங்கும் அனுமதியான டிபெண்டன்ட் பாஸ்தான் என்பதால் வேலைக்குப் போகவில்லை. பிள்ளை இல்லை. இந்தியாவில் தத்தெடுப்பைக் கவனிக்கும் 'காரா'வில் பதிந்தோம். மலேசியா, நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கான ஹேக் உடன்படிக்கையில் சேராத நாடு, அதனால் இங்குள்ள இந்தியத் தூதரகம் வழியாகத் தாள்கள் போயின. நீண்ட காத்திருப்புக்குப் பிறகு, தமிழ்நாட்டில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் இருக்கும் பெண் குழந்தையை எங்களுக்கு ஒதுக்கினார்கள். இப்போது அவளுக்கு இருபது மாதம். காராவின் தடையில்லாச் சான்று வந்துவிட்டது. மாவட்ட ஆட்சியரின் தத்து ஆணை வர வேண்டும். அப்புறம் பாஸ்போர்ட், அப்புறம் விசா.

சனிக்கிழமைதோறும் அங்கே மாலை நான்கு மணிக்கு, இங்கே ஆறரைக்கு, வீடியோவில் பார்க்கிறோம். அவளை வளர்க்கும் ஆயாம்மா, "அம்மா பாரு பாப்பா, அம்மா பாரு" என்று காட்டுவார். இவள் என் முகத்தைப் பார்த்ததும் அழுதுகொண்டே அவர் முந்தானைக்குள் ஒளிந்துகொள்கிறாள். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, எனக்கு அந்த ஆயாம்மா மீது பொறாமை. அவள் நடக்கத் தொடங்கியதை, பதினோரு நாள் கழித்து வந்த ஒரு சின்ன வீடியோவில்தான் பார்த்தேன்.

தீபாவளிக்குப் பிரிக்ஃபீல்ட்ஸில் பாவாடை சட்டை வாங்கி வைத்தேன். இப்போது அது அவளுக்குப் பத்தாது. பக்கத்து வீட்டு ஆன்ட்டி லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் "பிள்ளை எப்பம்மா வரும்?" என்று கேட்பதால், அவர் வெளியே போகும் நேரம் பார்த்து நான் உள்ளேயே இருந்துவிடுகிறேன். கணவர் "வரும்போது வரட்டும்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விடுகிறார். போனைத் தலையணைக்கு அடியில் வைத்துத்தான் தூங்குகிறேன்.

அவளுக்கு என்னைப் பிடிக்குமா? பெறாத, தொட்டுக்கூடப் பார்க்காத பிள்ளைக்காக இப்படி ஏங்குவது சரிதானா?

— ஒரு வாசகி, செந்தூல்

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் மகள் ஆயாம்மாவின் முந்தானையில் ஒளிகிறாள் என்று படித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. இல்லத்தில் வளரும் குழந்தை யாரைக் கண்டாலும் சிரித்துக்கொண்டு கையை நீட்டினால்தான் எங்களைப் போல ஆலோசனை சொல்கிறவர்கள் கவலைப்படுவோம். இவளுக்கு ஓர் ஆள் இருக்கிறார். பயந்தால் யாரிடம் ஓட வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. ஒருவரிடம் ஒட்டப் பழகிய பிள்ளைக்கு இன்னொருவரிடம் ஒட்டுவது எளிது. உங்களுக்காக அந்த வேலையைத் தொடங்கி வைத்திருப்பவர் அந்த ஆயாம்மா. பொறாமை வந்ததில் தவறே இல்லை. அது தாய்க்கு வருகிற பொறாமைதான்.

ஒன்றை மட்டும் இப்போதே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். அவள் உங்கள் கைக்கு வருகிற நாளில் அவரை இழக்கிறாள். சில இரவுகள் அவரைத் தேடி அழுவாள், சாப்பிட மாட்டாள், உங்களைத் தள்ளிவிடுவாள். அந்த அழுகை உங்களை வேண்டாம் என்று சொல்கிற அழுகை அல்ல.

ஏங்குவது சரிதானா என்று கேட்டீர்கள். பாலின் பாஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், ஆள் கண்முன் இல்லாமல் மனதுக்குள் முழுதாக இருக்கும் நிலையைத் தெளிவற்ற இழப்பு என்று சொன்னார். துக்கம் விசாரிக்க யாரும் வராத துக்கம் அது. அவளுடைய முதல் அடியை நீங்கள் பார்க்கவில்லை, அந்த நாள் திரும்ப வராது. அதற்கு அழலாம். பத்தாமல் போன பாவாடையையும் வைத்துக்கொள்ளுங்கள், வளர்ந்ததும் அவளிடம் காட்டலாம்.

இனி ஒரு முக்கியமான விஷயம். தடையில்லாச் சான்று வந்தபின், ஆணை வரும்வரை, தத்துக்கு முந்தைய வளர்ப்புப் பராமரிப்பு என்ற பெயரில் குழந்தையை இந்தியாவுக்குள்ளேயே பெற்றோரிடம் ஒப்படைக்க விதிகளில் இடம் இருக்கிறது. உறுதிமொழி எழுதித் தர வேண்டும். இல்லத்திடம் இதை இந்த வாரமே கேளுங்கள். வேலைக்குப் போகவில்லை என்று குறையாக எழுதியிருக்கிறீர்கள், இதற்கு அதுவே வசதி. இந்தியா போனால், முதல் சில நாள் அவளைத் தூக்கிக்கொண்டு வந்துவிடாமல், இல்லத்தார் அனுமதித்தால் ஆயாம்மாவின் பக்கத்தில் உட்காருங்கள். அவர் ஊட்டுவதைப் பாருங்கள், அப்புறம் நீங்கள் ஊட்டுங்கள்.

அதுவரை நீங்கள் உடுத்திய பருத்திப் புடவையில் ஒரு துண்டைக் கிழித்து, துவைக்காமல், இல்லத்துக்கு அனுப்புங்கள். அவள் தூங்கும் இடத்தில் வைக்கச் சொல்லலாம். உங்கள் குரலில் ஒரே ஒரு தாலாட்டைப் பதிவு செய்து அனுப்புங்கள், தினமும் அதே பாட்டு. செந்தூல் வீட்டுக்கு அவள் வந்தபின் முதல் சில வாரம் விருந்தாளிகள் வேண்டாம். ஊட்டுவதும் தூங்க வைப்பதும் நீங்கள் இருவர் மட்டும்.

கணவர் "வரும்போது வரட்டும்" என்பதைக் கல்நெஞ்சு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆசைப்பட்டு ஏமாறப் பயப்படும் ஆண்கள் பலர் இப்படித்தான் பேசுகிறார்கள். சனிக்கிழமை அழைப்பு முடிந்ததும் போனை வீட்டில் வைத்துவிட்டு, இருவரும் பசார் மாலாம் இரவுச் சந்தை வரை நடந்துவிட்டு வாருங்கள். பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம், "தேதி தெரிந்ததும் முதலில் உங்களிடம்தான் சொல்வேன் ஆன்ட்டி" என்று சொல்லிவிடுங்கள். பிள்ளை வந்தபின் அவர் உதவி உங்களுக்குத் தேவைப்படும்.

வரும் சனிக்கிழமை பாப்பாவைக் கூப்பிடாதீர்கள். ஆயாம்மாவோடு பேசுங்கள், அவள் அவர் மடியிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கட்டும். சோற்றை எவ்வளவு குழைக்கிறீர்கள், தூங்கும்போது முதுகில் தட்டுவீர்களா, தலையைக் கோதுவீர்களா என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.